லண்டன் வி அண்ட் ஏ ஸ்டோர்ஹவுஸ்: சும்மா சுத்திப் பாக்கப் போறீங்களா, புக் பண்ணிட்டுப் போறீங்களா?

வால்தம்ஸ்டோ வாசி:

மக்களே, ஒலிம்பிக் பார்க்ல வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ் 2025 மே 31 அன்னிக்கு தொறந்தது, நம்ம ஆளுங்க நிறைய பேர் போய் போட்டோ எல்லாம் போட்டாச்சு, ஆனா யாரும் உருப்படியா ஒரு இழை ஆரம்பிக்கல அதான் நானே ஆரம்பிக்கறேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இது மியூசியம் கிடையாது, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் (வி அண்ட் ஏ) மியூசியத்தோட குடோன். 2012 ஒலிம்பிக்ஸ் அப்போ பத்திரிகைக்காரங்களும் டிவிக்காரங்களும் உக்காந்து வேலை பாத்த மீடியா சென்டர் கட்டடத்துல ஒரு பெரிய பகுதிய எடுத்து, ரெண்டரை லட்சம் பொருள், மூணரை லட்சம் புத்தகம், 1,000 ஆவணத் தொகுப்பு எல்லாத்தையும் ரேக் ரேக்கா அடுக்கி, அதுக்கு நடுவுல ஜனங்க நடக்க வழி விட்டிருக்காங்க. டில்லர் ஸ்கோஃபிடியோ பிளஸ் ரென்ஃப்ரோனு நியூயார்க் கம்பெனி டிசைன். டிக்கெட் கிடையாது. முன்னாடி இதெல்லாம் கென்சிங்டன் ஒலிம்பியா பக்கம் பிளைத் ஹவுஸ்ங்கற பழைய போஸ்ட் ஆபீஸ் சேமிப்பு வங்கி கட்டடத்துல பூட்டிக் கிடந்துச்சு, அத விக்கப்போறோம்னு 2015ல கவர்மென்ட் சொன்னதாலதான் இந்தக் கதையே ஆரம்பம்.

இப்ப என் கருத்து. எல்லாரும் அந்த நடு ஹால்ல நின்னு மேலயும் கீழயும் பாத்து வாயப் பொளந்து, காபி குடிச்சுட்டு கெளம்பிடறாங்க. அது நல்லாத்தான் இருக்கு நான் இல்லேங்கல. ஆனா அது வெறும் முகப்பு. ஸ்டோர்ஹவுஸ்ல நிஜமாவே புதுசா இருக்கற விஷயம் ஒண்ணே ஒண்ணுதான், 'ஆர்டர் அன் ஆப்ஜெக்ட்'. ஆன்லைன்ல தேடி, அஞ்சு பொருள் வரைக்கும் எடுத்து, ரெண்டு வாரம் முன்னாடி புக் பண்ணா, ஒரு மேஜை மேல எடுத்து வச்சு காட்டுவாங்க. நீங்க யாரு, பிஎச்டியா, எதுக்குப் பாக்கணும்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. அத விட்டுட்டு சும்மா சுத்திப் பாக்கறது பாதிப் பயணம்தான்னு சொல்றேன். சண்டைக்கு வரவங்க வரலாம்.

எதுக்கு இதெல்லாம்:

வந்துட்டேன்.

நானும் போனேன் பாஸ். எனக்கு புரிஞ்சது என்னன்னா, லேபிள் எழுத சோம்பேறித்தனப்பட்டு அதுக்கு ஒரு தத்துவம் கண்டுபிடிச்சிருக்காங்க. ரேக்ல ஒரு நாற்காலி, பக்கத்துல ஒரு ஸ்கூட்டர், அதுக்கு மேல யாரோ ஒரு ரோமானியன் தலை, கீழ ஒரு கிட்டார். எது எந்த ஊரு எந்தக் காலம் ஒண்ணும் இல்ல, ஒரு நம்பர் டேக் தொங்குது. மியூசியம்னா நமக்கு ஏதாவது சொல்லித் தரணும். இது தெரிஞ்சவனுக்கு சொர்க்கம், தெரியாதவனுக்கு பெரிய ஃபர்னிச்சர் கடை. 'எல்லாருக்கும் தொறந்தாச்சு'னு சொல்றது ஒண்ணு, எல்லாருக்கும் புரியற மாதிரி தொறக்கறது வேற.

யாழ் ஈஸ்ட்ஹாம்:

எதுக்கு தம்பி சொல்லுறதிலை ஞாயம் இருக்கு, ஆனா முழுக்க சரியில்லை. ரேக்குகளின்ர முனையிலையும் பக்கத்திலையும் சின்னச் சின்னதா நூறுக்கு மேல காட்சிகள் செய்து வைச்சிருக்கினம், அதுகளுக்கு விளக்கம் கிடக்கு. மிச்சத்துக்கு கியூஆர் கோட் அடிச்சுப் பாக்கலாம். எண்டாலும் போனைப் பாக்கவோ சாமானைப் பாக்கவோ எண்டு எனக்கும் எரிச்சல் வந்தது உண்மை.

நான் சொல்ல வந்தது வேற. அங்கை ராபின் ஹூட் கார்டன்ஸ் எண்டு பொப்லர் பக்கம் இருந்த கவுன்சில் வீட்டுத் தொகுதியின்ர ஒரு துண்டைக் கொண்டுவந்து நிப்பாட்டியிருக்கினம். 1972ல கட்டி முடிச்சது, ஸ்மித்சன் தம்பதி டிசைன் செய்தது. இடிக்கேக்கை, 2017ல, மியூசியம் போய் கொஞ்சத்தைப் பேத்து எடுத்தது, அடுத்த வருசம் வெனிஸ் பினாலே எண்ட கட்டடக்கலைக் கண்காட்சிக்கும் கொண்டுபோய் காட்டினவை. எனக்கு அந்தப் பக்கம் வேலை, அந்த ஒழுங்கையாலை எத்தினை வருசம் நடந்திருப்பன். அதுக்குள்ளை இருந்த சனத்தை, கூட வங்காளிச் சனம்தான், எழுப்பி அனுப்பிப்போட்டு, சுவரை மட்டும் பத்திரமா ஏசிக்குள்ளை வைச்சிருக்கினம். வடிவாத்தான் கிடக்கு. ஆனா அதைப் பாக்கேக்கை எனக்கு வந்த கோவம் லேபிள் இல்லை எண்டதாலை வந்த கோவம் இல்லை.

வால்தம்ஸ்டோ வாசி:

அண்ணே இது ரொம்ப முக்கியமான பாயிண்ட். ஆனா எடுத்து வைக்காம விட்டிருந்தா மொத்தமும் குப்பை லாரில போயிருக்கும் இல்லையா? இடிக்கறதுங்கற முடிவு மியூசியம் எடுத்தது இல்ல.

யாழ் ஈஸ்ட்ஹாம்:

அது தெரியும் ராசா. மியூசியத்தை நான் ஏசேல்லை. அந்தக் கொங்கிறீட்டுக்கு முன்னாலை நிண்டு செல்ஃபி எடுக்கிற பிள்ளையளுக்கு அதிலை ஆர் இருந்தவை எண்டு ஒரு ஆள் கதை சொன்னா நல்லா இருக்கும், அவ்வளவுதான். வெனிஸுக்குக் கொண்டுபோகேக்கை டோ ஹோ சு எண்ட கொரியக் கலைஞர் அந்த வீடுகளுக்குள்ளை போய் ஒரு படம் செய்தவர். அப்பிடியான வேலை இன்னும் நாலு நடந்திருக்க வேணும்.

மாஸ் ஆத்தங்கரை:

நெதர்லாந்துலேர்ந்து ஒரு குரல். இந்த ஐடியாவுக்கு லண்டன்காரங்க முழு பேரையும் எடுத்துக்கறத பாத்தா எங்க ரோட்டர்டாம்காரங்க சிரிப்பாங்க :) எங்க ஊர்ல டெப்போ பாய்மன்ஸ் வான் பேனிங்கன்னு இதே மாதிரி ஒரு மியூசிய குடோன் 2021 நவம்பர்லயே தொறந்தாச்சு. கிண்ணம் மாதிரி வட்டமா 39.5 மீட்டர் உயரம், வெளிய முழுக்க 1,664 கண்ணாடிப் பலகை, ஊரே அதுல தெரியும். எம்விஆர்டிவினு ஒரு ஆர்க்கிடெக்ட் கம்பெனி டிசைன். மேல மொட்டை மாடில பெர்ச் மரக் காடே வளத்திருக்காங்க. ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கு மேல பொருள், மியூசியத்தோட மொத்த சேகரிப்பும் ஒரே இடத்துல.

எதுக்கு கட்டினாங்கங்கறதுதான் சுவாரசியம். ரோட்டர்டாம்ல பெரும்பகுதி கடல் மட்டத்துக்குக் கீழ. பழைய மியூசியத்தோட ஸ்டோர் பேஸ்மென்ட்ல இருந்துச்சு. ரூபன்ஸ், ரெம்பிராண்ட் ஓவியம் எல்லாம் பேஸ்மென்ட்ல, பெரிய மழை வந்தா தண்ணி உள்ள வரும். யோசிச்சுப் பாருங்க. பாரிஸ்லயும் இதே பிரச்சனைதான், 2016ல சீன் நதி ஏறினப்போ லூவர்ல ராவோட ராவா ஸ்டோர் சாமான மேல தூக்கினாங்க, அப்புறம் வடக்க லியேவான்ங்கற ஊர்ல தனியா ஒரு சேமிப்பு மையமே கட்டி 2019லேர்ந்து அங்க மாத்தினாங்க. ஆனா லூவர் கட்டினது ஆராய்ச்சியாளர்களுக்கு, ரோட்டர்டாம் ஜனங்களுக்குத் தொறந்துச்சு.

எங்க டெப்போல சாமான் அடுக்கறது காலம், நாடு, ஓவியர் பேர் வச்சு இல்ல. எந்தப் பொருளுக்கு எந்த குளிர், எந்த ஈரப்பதம் வேணுமோ அந்த ரூம். உலோகத்துக்கு ஒண்ணு, பிளாஸ்டிக்குக்கு ஒண்ணு, கருப்பு வெள்ள போட்டோவுக்கு ஒண்ணு, கலர் போட்டோவுக்கு ஒண்ணு, இப்படி. அதனால 500 வருஷத்து வெள்ளித் தட்டும் போன வருஷம் செஞ்ச இரும்புச் சிற்பமும் ரூம்மேட். எனக்கு இந்தக் கலாட்டா ரொம்பப் பிடிக்கும்.

ஒரே குறை, லண்டன் மாதிரி ஃப்ரீ இல்ல, டிக்கெட் இருக்கு. ஸ்டோர் ரூம் உள்ள தனியா போக முடியாது, ஜன்னல் வழியா பாக்கலாம் இல்லேன்னா சின்னக் குரூப்பா கைட் கூட கொஞ்ச நேரம் போகலாம். தனியார் கலெக்டர்களும் அங்க வாடகைக்கு இடம் எடுத்து வச்சுக்கலாம், அது சரியா தப்பானு எங்க ஊர்ல பேசிட்டேதான் இருக்காங்க. என் வோட்டு தப்புனுதான்.

பையனோட அம்மா:

குறுக்க ஒரு கேள்வி. 6 வயசு பையனோட போலாமா? ஓடுவான்.

வால்தம்ஸ்டோ வாசி:

தாராளமா போலாங்க. கீழ லாக்கர் இருக்கு, பைய வச்சுட்டுத்தான் மேல போகணும். நடு ஹால்ல தரையில ஒரு பகுதி கண்ணாடி, கீழ்த்தளம் தெரியும், பசங்களுக்கு அதுவே அரை மணி நேரம் ஓடிடும். சில பெரியவங்களுக்கு அதுமேல கால் வைக்க பயம், என் மாமியார் உட்பட. ஹாக்னி விக் ஸ்டேஷன்லேர்ந்து நடக்கற தூரம்தான். வியாழனும் சனியும் ராத்திரி 10 வரைக்கும், மத்த நாள் 6 மணிக்கு மூடிடுவாங்க.

கலம்காரி பைத்தியம்:

இழை ஆரம்பிச்சவருக்கு என் முழு ஆதரவு. நான் நடைபாதையெல்லாம் அப்புறம்தான் பாத்தேன், மொதல்ல போனதே ஆர்டர் போட்ட துணிக்காகத்தான். கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க.

நான் கேட்டது சோழமண்டலக் கடற்கரைல 18ஆம் நூற்றாண்டுல வரைஞ்ச துணி, இங்கிலீஷ்காரங்க சின்ட்ஸ்னு சொல்றது. பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், மசூலிப்பட்டினம் இங்கயிருந்தெல்லாம் டச்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் கப்பல் கப்பலா ஏத்தினது. ஐரோப்பாவுல இதுக்கு அடிச்ச கிராக்கில உள்ளூர் நெசவாளிங்க கலகம் பண்ணி, பிரான்ஸ் 1686ல தடை போட்டுச்சு, இங்கிலாந்து 1700லயும் 1721லயும் சட்டம் போட்டுச்சு. தடை போட்டும் ஜனங்க திருட்டுத்தனமா உடுத்தினாங்க, அது வேற கதை.

இந்தத் துணியெல்லாம் புத்தகத்துல முன்பக்கம் மட்டும்தான் இருக்கும். கண்ணாடிப் பெட்டிலயும் அப்படியேதான், அதுவும் வெளிச்சம் மங்கலா, ஏன்னா துணிக்கு 50 லக்ஸுக்கு மேல வெளிச்சம் காட்டக்கூடாதும்பாங்க. மேஜை மேல வச்சு அந்த ஊழியர் அந்தத் துணிய மெதுவா பொரட்டினாங்க பாருங்க. பின்பக்கம்! சிவப்பு எவ்வளவு ஆழமா எறங்கியிருக்கு, நீலத்துக்கு மெழுகு தடவினவர் எந்த எடத்துல அவசரப்பட்டிருக்கார், மெழுகு விரிசல் வழியா நீலம் மயிர்க்கோடு மாதிரி கசிஞ்சிருக்கறது, எல்லாம் தெரிஞ்சுது. கரை பக்கம் பழைய தையல் ஓட்டை வரிசை, அதாவது இது மொதல்ல வேற ஏதோ உடையா இருந்து அப்புறம் பிரிச்சு மறுபடி தச்சது. முன்பக்கம் பாத்தா ராணி மாதிரி இருக்கு, பின்பக்கம் பாத்தா கையில காசு இல்லாத ஒரு வீட்டம்மா தெரியறாங்க.

சிவப்பு வந்தது எப்படினு தெரியாதவங்களுக்கு: துணிய கடுக்காயும் எருமைப் பாலும் சேத்து ஊறப்போட்டு, சிவப்பு வரவேண்டிய எடத்துல படிகாரக் கரைசல்ல எழுதி, சாயவேர் போட்டு கொதிக்க வைப்பாங்க. படிகாரம் பட்ட எடத்துல மட்டும் சிவப்பு புடிக்கும், மத்த எடம் வெயில்ல காயவச்சு அலசினா வெளுத்துடும். அதனாலதான் 300 வருஷம் கழிச்சும் தண்ணில போட்டா கூட கலர் போகாது. ஐரோப்பாக்காரனுக்கு அந்த ரகசியம் பிடிபட ரொம்ப காலம் ஆச்சு.

ரெண்டு மணி நேரம் கண்ணாடிப் பெட்டி முன்னாடி நின்னாலும் இது ஒண்ணும் கெடைக்காது. அதனால வாசி சொல்றது சரி.

யாழ் ஈஸ்ட்ஹாம்:

தங்கச்சி சாயவேர் எண்டதும் ஞாபகம் வருது. மன்னாரிலையும் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கமும் சாயவேர் கிண்டி எடுத்து டச்சுக்காரனுக்குக் குடுத்தது எங்கடை சரித்திரத்திலை பெரிய விசயம். அதைக் கிண்டிறதுக்கெண்டே ஒரு சனம் இருந்தது, கட்டாய வேலை. உங்கடை துணியிலை இருந்த சிவப்பு எங்கடை மண்ணாயும் இருக்கலாம்.

கலம்காரி பைத்தியம்:

அண்ணா இது அருமை. இருக்கலாம், உறுதியா சொல்ல முடியாது, ஆனா டச்சு சந்தைக்குப் போன துணினா வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டுப் பக்கம் அதே செடிய இம்பூறல்னும் சொல்வாங்க, இருமலுக்கு மருந்தா இன்னைக்கும் கெடைக்குது.

எதுக்கு இதெல்லாம்:

பைத்தியம் மேடம் எழுதினத படிச்சேன், நல்லா இருக்கு. ஆனா கவனிங்க, அவங்களுக்கு சின்ட்ஸ்னா என்னனு தெரியும், எதத் தேடணும்னு தெரியும். எனக்கு அந்த வெப்சைட்ல போய் என்ன டைப் பண்ணணும்னே தெரியல. அப்ப இது மறுபடியும் படிச்சவனுக்குத்தானே? நான் சொன்னதத்தான் நீங்களும் நிரூபிக்கிறீங்க.

ஸ்டோர்ரூம் சாவி:

சென்னை பக்கம் மியூசியம் வேலைல இருக்கேன், பொருள் கெடாம பாதுகாக்கற பிரிவு. எந்த மியூசியம்னு கேக்காதீங்க, வேலை வேணும்.

எதுக்கு சார் சொல்ற 'படிச்சவனுக்குத்தான்' வாதத்துக்கு என் பதில் கொஞ்சம் வேற மாதிரி. பாக்க வர்றவங்க ஒரு பக்கம் இருக்கட்டும். ஸ்டோர தொறக்கறதால மொத லாபம் மியூசியத்துக்குத்தான். ஏன்னா தொறக்கணும்னா எண்ணணும். ஒவ்வொரு பொருளா எடுத்து, தொடச்சு, போட்டோ புடிச்சு, பார்கோடு ஒட்டி, எந்த ரேக் எந்தத் தட்டுனு கம்ப்யூட்டர்ல ஏத்தணும். வி அண்ட் ஏ பிளைத் ஹவுஸ்லேர்ந்து மாறினப்போ இந்த வேலைக்கே பல வருஷம் ஆச்சு. எண்ணாத ஸ்டோர் என்ன ஆகும்? 2023ல பிரிட்டிஷ் மியூசியத்துல 2,000 வாக்கில பொருள் காணாம, திருடு, சேதம்னு வெளிய வந்துச்சே, அதுல பெரும்பாலும் ஸ்டோர்ல இருந்த சின்னச் சின்ன கல் பதிச்ச நகை, ரத்தினக் கல், சரியா பதிவேட்டுல ஏறாதது. இணையத்துல விக்கறாங்கனு ஒரு வியாபாரி 2021லயே சொல்லியும் கேக்கல, கடைசில இயக்குநரே பதவி விலகினார். பதிவு இல்லாத பொருள் காணாமப் போனா காணாமப் போச்சுனே தெரியாது சார்.

நான் பாத்த ஒரு ஸ்டோர்ல, எங்கனு சொல்ல மாட்டேன், கையால எழுதின ரிஜிஸ்டர்தான். அதுல ஒரு வரி 'உடைந்த சிலைகள், ஒரு குவியல்'. அவ்வளவுதான் பதிவு. எத்தனை, யாரோடது, எங்கேர்ந்து வந்துச்சு ஒண்ணும் கெடையாது.

இன்னொரு பக்கமும் சொல்லணும். ஆளுங்க உள்ள வந்தா தூசி வரும், ஈரம் வரும், கோட்டு ஸ்வெட்டர் வழியா பூச்சி வரும். துணி ஸ்டோர்ல எங்களுக்கு எமன் யாருனா துணி அந்துப்பூச்சியும் கம்பள வண்டும். புதுசா வர்ற துணிய நேரா ரேக்ல வைக்க மாட்டாங்க, பாலித்தீன்ல சுத்தி மைனஸ் 30 டிகிரில சில நாள் உறைய வச்சு புழு முட்டை எல்லாம் செத்தப்புறம்தான் உள்ள விடுவாங்க. மூலைக்கு மூலை பிசின் அட்டைப் பொறி வச்சு அப்பப்போ எந்தப் பூச்சி எத்தனைனு எண்ணுவாங்க. உங்கள லாக்கர்ல பைய வைக்கச் சொல்றதும், வழில சாப்பிட விடாததும் சும்மா இல்ல. லண்டன்ல அதனாலதான் எளிதா கெடாத கல்லு, மண்பாண்டம், மரம், இரும்பு எல்லாம் நடைபாதை ஓரம் தெரியுது, துணி காகிதம் எல்லாம் அலமாரிக்குள்ள, ஆர்டர் போட்டா மட்டும் வெளிய வருது.

மாஸ் ஆத்தங்கரை:

சாவி எழுதினது தங்கம். ஒரு சந்தேகம், எக்மோர் மியூசியம் ஸ்டோர் தொறந்தா எப்படி இருக்கும்?

ஸ்டோர்ரூம் சாவி:

1851லேர்ந்து சேந்தது. ஆதிச்சநல்லூர்ல அலெக்சாண்டர் ரீ 1899லேர்ந்து 1905 வரை தோண்டி எடுத்தது எல்லாம் அங்கதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி 1876ல ஜெர்மன்காரர் யாகர் எடுத்தது பெர்லின் போயிடுச்சு. வெண்கலச் சிலைக்கு வர்ற பச்சை நோய்க்கு வைத்தியம் பாக்கற வேதியியல் கூடம் 1930லயே அங்க வந்தாச்சு, அந்தக் காலத்துல அது ரொம்ப பெரிய விஷயம். அந்த லேப் வேலைய ஒரு கண்ணாடிக்குப் பின்னாடி ஜனங்க பாக்கற மாதிரி வச்சா போதும்னு நான் சொல்வேன், பாதி சென்னை வரும். கீழடில 2023ல தொறந்த மியூசியத்துக்கு வர்ற கூட்டத்த பாத்தீங்கல்ல. ஜனங்களுக்கு ஆசை இல்லேன்னு யாரும் சொல்ல முடியாது.

வால்தம்ஸ்டோ வாசி:

அப்ப திருவாரூர் சிலை பாதுகாப்பு மையம்? கோயில் சாமி ஆயிரக்கணக்குல பூட்டி வச்சிருக்காங்களே, அதையும் இப்படி தொறக்கலாமே.

ஸ்டோர்ரூம் சாவி:

அதுல நான் தலையிட மாட்டேன் சாமி :) அதெல்லாம் ஊர்க் கோயில்ல பாதுகாப்பு இல்லேன்னு கொண்டுவந்து வச்ச உற்சவர்ங்க. திருவிழாவுக்கு ஊர்க்காரங்க எடுத்துட்டுப் போய் திருப்பிக் கொண்டாந்து விடறதும் உண்டு. ரேக்ல அடுக்கி நடைபாதை போட்டு டூரிஸ்ட விட்டா அந்த ஊர்க்காரங்க என்ன சொல்வாங்கனு யோசிங்க. அவங்களுக்கு தேவை பாக்கற வழி இல்ல, சாமி ஊர் திரும்பற வழி.

யாழ் ஈஸ்ட்ஹாம்:

இதுதான் சரியான கதை. இதை ஸ்டோர்ஹவுஸுக்கும் கேக்க வேணும். கண்ணாடித் தரைக்குக் கீழை ஆக்ரா கோட்டையின்ர வெள்ளை மாபிள் தூண் வரிசை கிடக்கு, ஷாஜகான் காலத்துக் குளிக்கிற மண்டபத்தின்ர. சனம் அதுக்கு மேலை நிண்டு குனிஞ்சு பாக்குது. எப்பிடி இஞ்சை வந்தது எண்டதை ஒருத்தரும் கேக்கிறதாத் தெரியேல்லை.

கலம்காரி பைத்தியம்:

அண்ணா கேக்கறவங்களுக்கு நம்பர்லயே கொஞ்சம் பதில் இருக்கு. மியூசியம் நம்பர் 'ஐ எஸ்'னு ஆரம்பிச்சா இந்தியப் பிரிவு, கடைசில வர்ற நாலு இலக்கம் பெரும்பாலும் மியூசியத்துக்கு அது வந்த வருஷம். பழசுல நெறைய கிழக்கிந்தியக் கம்பெனி லண்டன் லெடன்ஹால் தெருவுல 1801ல ஆரம்பிச்ச இந்தியா மியூசியத்தோடது, அத 1879ல கலைச்சு சவுத் கென்சிங்டன் (இன்னைக்கு வி அண்ட் ஏ), பிரிட்டிஷ் மியூசியம், கியூ தோட்டம்னு பங்கு போட்டாங்க. நம்பரப் படிக்கத் தெரிஞ்சா பாதிப் பூர்வீகம் தெரிஞ்சுடும். மீதிப் பாதிய கேள்வி கேட்டுத்தான் வாங்கணும், அதுக்கும் அந்த மேஜைதான் எடம், கண்ணாடித் தரை இல்ல.

எதுக்கு இதெல்லாம்:

சரி சரி ஒத்துக்கறேன் மேஜை நல்ல விஷயம். ஆனா லேபிள் விஷயத்துல நான் எறங்கி வர்றதா இல்ல. உங்களுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். அங்க ஃபிராங்க்ஃபர்ட் கிச்சன் ஒண்ணு முழுசா இருக்கு. 1926ல மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கினு ஒரு பெண் ஆர்க்கிடெக்ட் டிசைன் பண்ணது, தொழிலாளர் குடியிருப்புக்காக, கிட்டத்தட்ட 10,000 வீட்டுல போட்டாங்க, இன்னைக்கு நம்ம ஃபிளாட்ல இருக்கற மாடுலர் கிச்சனுக்கு அதான் பாட்டி. சமைக்கறவங்க எத்தனை அடி எடுத்து வைக்கறாங்கனு எண்ணி, அத கொறைக்கற மாதிரி எல்லாத்தையும் கைக்கெட்டற தூரத்துல வச்சது. இதெல்லாம் எனக்கு வீட்டுக்கு வந்து தேடினப்புறம்தான் தெரிஞ்சுது. என் கூட வந்த அம்மா அத பாத்துட்டு 'இவ்ளோ சின்ன அடுப்படியா'னு சொல்லிட்டு தாண்டிப் போயிட்டாங்க. பக்கத்துல நாலு வரி பெருசா எழுதியிருந்தா அவங்க அங்க அரை மணி நேரம் நின்னிருப்பாங்க. நாப்பது வருஷம் அடுப்படில நின்னவங்க சார் அவங்க.

மாஸ் ஆத்தங்கரை:

இது நல்ல அடி. பதில் இல்ல என்கிட்ட.

வால்தம்ஸ்டோ வாசி:

எனக்கு பதில் இருக்கு ஆனா அரைகுறை. லேபிள் இருந்தா ஜனங்க லேபிள படிச்சுட்டு பொருள பாக்காம நகந்துடுவாங்க, இது எல்லா மியூசியத்துலயும் பாக்கறதுதான். லேபிள் இல்லாததால நான் அந்த டொரிஹோஸ் கூரை கீழ ரொம்ப நேரம் நின்னேன். ஸ்பெயின்ல டொலேடோ பக்கம் 15ஆம் நூற்றாண்டு அரண்மனைக் கூரை, மரத்த துண்டு துண்டா வெட்டி நட்சத்திரம் நட்சத்திரமா கோத்து தங்கம் பூசினது, அரண்மனை போயிடுச்சு கூரை மட்டும் மிச்சம். கிறிஸ்தவப் பிரபு வீட்டுல முஸ்லிம் தச்சு வேலைப்பாடுனு பாத்தாலே தோணுச்சு, அப்புறம் தேடினா அதேதான். நானே கண்டுபிடிச்ச சந்தோஷம் லேபிள் குடுத்திருக்காது.

ஆனா உங்க அம்மா கேஸ்ல லேபிள் வேணும்தான். ஒத்துக்கறேன்.

எதுக்கு இதெல்லாம்:

நன்றி. இத ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன்.

பையனோட அம்மா:

போயிட்டு வந்தோம்! பையன் ஓடல, ஆச்சரியம். பிக்காசோ திரைச்சீலை முன்னாடி தரையில உக்காந்துட்டான், 10 மீட்டருக்கு மேல உயரம், ரெண்டு பொம்பளைங்க கை கோத்து கடற்கரைல ஓடற படம். 1924ல 'ல ட்ரெயின் ப்ளூ'னு ஒரு பாலே நாடகத்துக்கு செஞ்சதாம். அங்க இருந்த ஊழியர் சொன்னாங்க, பிக்காசோ வரைஞ்சது சின்ன படம்தான், அத இவ்வளவு பெருசா எழுதினது வேற ஒரு செட் ஓவியர், 24 மணி நேரத்துக்குள்ள முடிச்சார், பிக்காசோ பாத்துட்டு அசந்து போய் தன் கையெழுத்த போட்டுட்டாராம். என் பையன் ஒடனே, 'அப்ப வேலை செஞ்சவரோட பேரு எங்க?'னு கேட்டான். அந்த ஊழியருக்கு சிரிப்பு தாங்கல, அலெக்சாண்டர் ஷெர்வஷிட்ஸேனு பேரச் சொல்லி, மூணு தரம் திருப்பிச் சொல்லவும் வச்சாங்க.

அதனால லேபிள் சண்டைல என் வோட்டு ரெண்டு பக்கமும் இல்ல, ஊழியர்கிட்ட பேசுங்கனுதான் சொல்வேன். சும்மா நின்னுட்டிருக்காங்க, கேட்டா கொட்டறாங்க. எனக்கு லேபிளும் வேணாம் மேஜையும் வேணாம் போல.

ஸ்டோர்ரூம் சாவி:

உங்க பையனுக்கு எங்க டிபார்ட்மென்ட்ல வேலை தரலாம்.

எதுக்கு இதெல்லாம்:

கடைசியா ஒரு டெக்னிக்கல் கேள்வி, கிண்டல் பண்ணாதீங்க. அம்மாவுக்காக புக் பண்ணலாம்னு உக்காந்தேன். பழைய சமையல் பாத்திரம், அரிவாமணை மாதிரி, வெத்தலப் பெட்டினு தேடினேன். லிஸ்ட் வருது ஆனா சிலது சவுத் கென்சிங்டன்ல காட்சில இருக்குனு வருது, அத ஆர்டர் போட முடியல. என்ன பண்றது?

கலம்காரி பைத்தியம்:

ஹாஹா வாங்க வாங்க. தேடறப்போ ஒவ்வொரு பொருளோட பக்கத்துலயும் அது எங்க இருக்குனு போட்டிருக்கும் பாருங்க, ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ்னு இருக்கறத மட்டும் பொறுக்குங்க. காட்சில இருக்கறது வராது, அத அங்கயே போய்ப் பாத்துக்கலாம். அஞ்சும் ஒரே மாதிரி கேக்காதீங்க, வேற வேற அளவுல, வேற வேற ஊர் வெத்தலப் பெட்டி, பாக்குவெட்டினு கேளுங்க, பக்கத்துல பக்கத்துல வச்சா அம்மாவே பேச ஆரம்பிச்சுடுவாங்க. பேனா வேணாம் பென்சில் எடுத்துட்டுப் போங்க. மோதிரம், வளையல் கழட்டச் சொல்லலாம், அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க இல்லேன்னா அங்க ஒரு பஞ்சாயத்து ஆகும். பாடகர் டேவிட் போவி பேர்ல ஸ்டோர்ஹவுஸ்லயே ஒரு சென்டர் 2025 செப்டம்பர்ல தொறந்ததுலேர்ந்து கூட்டம் ஜாஸ்தி, அதனால ரெண்டு வாரம்னு கணக்கு வைக்காம இன்னும் முன்னாடியே போட்டுடுங்க. மொத மாசங்கள்ல எல்லாரும் ஆர்டர் போட்டது 1954ல பலென்சியாகா தச்ச ரோஸ் கலர் பட்டு கவுனாம், நீங்க பாக்குவெட்டிய மேல கொண்டு வாங்க.

எதுக்கு இதெல்லாம்:

வளையல் பஞ்சாயத்து நிச்சயம். மூணு பாக்குவெட்டி, ஒரு வெத்தலப் பெட்டி, ஒரு குத்துவிளக்கு போட்டாச்சு. லேபிள் இருந்தா இந்த வேலையே மிச்சம், அத மட்டும் சொல்லிக்கறேன்.